ஒன்பதாம் நம்பர் பிப்பும் ஒரு பாக்ஸ் கிரிக்கெட் டர்ஃபும்

மேடவாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில், மெயின் ரோட்டில் இருந்து உள்ளே இரண்டாவது திருப்பத்தில், தகர வேலிக்குப் பின்னால் இருக்கிறது இந்த டர்ஃப், அதாவது பாக்ஸ் கிரிக்கெட் ஆடுகிற, வலை கட்டிய செயற்கைப் புல் திடல். முன்பு லாரி நிறுத்தும் இடமாக இருந்ததாம். பெயரைப் போடவில்லை. குறை ஒன்று சொல்லப்போகிறேன், அதை அவர்கள் அப்புறம் பாதிக்கு மேல் சரிசெய்தும் விட்டார்கள். பெயரைப் போட்டால் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு ஒற்றை ஸ்டார் குத்தப் போகிற கூட்டம் ஒன்று கிளம்பும். அந்தப் பக்கம் ஆடுகிறவர்களுக்கு எப்படியும் இடம் தெரிந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி விஷயம் புரியாது. வயது 39. மருத்துவமனை பில்களைத் தணிக்கை செய்யும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே செய்வது. 2004 முதல் 2006 வரை சென்னை லீக்கில் நான்காம் டிவிஷன் அணி ஒன்றுக்கு ஆஃப் ஸ்பின் போட்டேன். பேட்டிங்கில் ஒன்பதாவது ஆள். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் பந்தைத் தொடவில்லை. போன வருடம் ஆபீஸ் பசங்க இழுத்துக்கொண்டு வந்தார்கள். பதினான்கு மாதமாக வாரம் இரண்டு நாள் இங்கேதான். என் இணையர் ஓர் ஆண். பத்து வருடமாகச் சேர்ந்து இருக்கிறோம். அவருக்குக் கிரிக்கெட் பிடிக்காது. பெஞ்சில் உட்கார்ந்து போனில் செஸ் ஆடுவார், கொசு கடித்தால் என்னைத் திட்டுவார்.

முதலில் டர்ஃப். நல்ல டர்ஃப். ஆறரை மணி ஸ்லாட்டுக்கு 1,200 ரூபாய், சனி ஞாயிறு 1,400. முன்பணம் 300, ஜிபேயில் போட்டு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். எட்டுப் பேர், ஆறு ஓவர் என்று கணக்கு வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு முழு ஆட்டம் இடிக்காமல் முடியும். புல் நன்றாக அடர்த்தியாக இருக்கிறது, ஆனால் பௌலர் கால் வைக்கும் இடத்தில் தேய்ந்து கீழே இருக்கும் பச்சைத் துணி தெரிகிறது. ஸ்பின்னருக்குப் பிரச்சினை இல்லை. வேகமாக ஓடி வருகிறவர்கள் ஷூவைப் பார்த்துக்கொள்ளவும். கறுப்பு ரப்பர் துகள் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் மிக்ஸி ஜாருக்குள் ஒன்று கிடைத்தது. எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

லைட் எட்டு இருக்கிறது, ஏழு எரிகிறது. எரியாத ஒன்று மிட்விக்கெட் மூலையில். அங்கே கேட்ச் போனால் கடவுள் விட்ட வழி. பந்து ஹெவி டென்னிஸ், அவர்களே தருவார்கள், பழசாகத்தான் தருவார்கள், சொந்தமாக எடுத்துப் போவது நல்லது. பின்னால் நெட் இரண்டு அடுக்கு. பாத்ரூம் ஒன்றுதான், தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் வேலை செய்கிறது. சென்னையில் டர்ஃபுக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாராட்டு என்று தெரியும். மழை வந்தால் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், வேறு தேதிக்கு மாற்றுவார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் என்பதால் நவம்பரில் அந்த வேறு தேதி ஜனவரியில்தான் வரும்.

அப்புறம் பிப், சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்கிற நம்பர் போட்ட கையில்லாத பனியன். இரண்டு அணிகளையும் பிரித்துக் காட்ட ஆரஞ்சு நிறத்தில் ஒரு செட் கொடுக்கிறார்கள், 1 முதல் 12 வரை. முதல் நாள் அந்தப் பிளாஸ்டிக் கூடையில் இருந்து எடுத்தபோதே கவனித்துவிட்டேன். 7 சாயம் போய் ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது (தோனி). 10-இல் கழுத்து பிய்ந்திருந்தது. 1, 3, 4 எல்லாவற்றிலும் வேர்வைக் கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. 9 மட்டும் கடையில் இருந்து நேற்று வந்த மாதிரி மொடமொடப்பாக இருந்தது, உள்ளே விலைச்சீட்டு ஒட்டிய பசைகூட இருந்தது. பன்னிரண்டு பிப்பில் எட்டுதான் ஒரு நேரத்துக்கு வேண்டும், நான்கு மிஞ்சும். அந்த நான்கில் 9 எப்போதும் ஒன்று. கூடையில் கைவிட்டு 9 வந்தால் பசங்க சூடுபட்ட மாதிரி கீழே போட்டுவிட்டு வேறு எடுப்பார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. சிரிப்பு மட்டும் ஒரு சுற்று வரும்.

ஏன் என்று தமிழில் படிக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டு வருகிற கணக்கு அது. திருநங்கைகளை வைய உண்டான சொல். நடை கொஞ்சம் மென்மையாக இருக்கிற பையனுக்கும், குரல் உடையாத பையனுக்கும், கேட்சை விட்டவனுக்கும், என்னைப் போன்றவனுக்கும் அதே சொல் செகண்ட் ஹேண்டில் வந்து சேரும். சரி, நான் மட்டும் யோக்கியமா? அன்று நானும் 9-ஐக் கீழே போட்டுவிட்டு 4-ஐத்தான் எடுத்தேன்.

லீக் ஆடிய காலத்திலும் இதே கதை. ஒன்பதாவதாக இறங்குகிறவன் என்பதால் ஸ்கோர் புத்தகத்தில் என் பெயர் ஒன்பதாவது வரியில் வரும், அதை வைத்தே ஒரு பட்டப்பெயர். மற்றவர்களுக்கு அது விளையாட்டு, எனக்கு வயிற்றைப் பிசையும். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார், பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பிடுங்கினார்கள். பேப்பரில் வந்த அன்று எங்கள் டிரஸ்ஸிங் ரூமில், அதாவது மரத்தடியில், ஒருவன் அதைச் சத்தமாக வாசித்தான். நம் ஊர்ப் பெண், கூலி வேலை செய்கிற வீட்டில் இருந்து போய் ஓடி வாங்கிய பதக்கம். பதினோரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினோரு பேரில் நானும் உண்டு. சத்தமாகவே சிரித்தேன், சிரிக்காவிட்டால் பார்ப்பார்களே. அந்த சீசன் முடிந்ததும் முட்டிவலி என்று சொல்லி நின்றுவிட்டேன். முட்டி நன்றாகத்தான் இருந்தது. இப்போதுதான் வலிக்கிறது.

இனி இந்த டர்ஃபின் முக்கியமான சேவைக்கு வருகிறேன்: லைவ் ஸ்ட்ரீமிங். 600 ரூபாய் கூடக் கொடுத்தால் உங்கள் ஆட்டத்தை யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள். இரண்டு கேமரா, கீழே ஸ்கோர் ஓடும், சிக்ஸுக்கு ஒரு மேளச் சத்தம். படம் தெளிவு. ஆனால் ஸ்டம்புக்குப் பின்னால் நெட்டில் ஒரு மைக் கட்டியிருக்கிறார்கள், அது ரொம்பவே தெளிவு. பௌலர் மூச்சு வாங்குவது, கீப்பர் மூக்கை உறிஞ்சுவது, அடுத்த ஸ்லாட்காரன் மனைவியிடம் "இதோ கிளம்பிட்டேன்" என்று பொய் சொல்வது எல்லாம் வரும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு டோர்னமென்ட். பன்னிரண்டு அணி. முதல் ஆட்டத்திலேயே எனக்கு இடது கை மோதிர விரலில் பந்து பட்டு வீங்கிவிட்டது. இன்னிங்ஸ் இடைவெளியில் என்னவர் நெட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, விரல் இரண்டையும் சேர்த்து கிரேப் பேண்டேஜ் சுற்றினார். சுற்றி முடித்து, பல்லால் டேப்பைக் கிழித்து ஒட்டினார். அது பத்து வருடப் பழக்கம், யாரும் பார்க்கிறார்களா என்று யோசிக்கத் தோன்றவில்லை. அடுத்த இன்னிங்ஸில் மிட்விக்கெட் மூலையில், அந்த எரியாத லைட்டுக்குக் கீழே, ஒரு கேட்ச் வந்தது. விட்டேன். எதிரணிப் பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும், பேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னான்: "விடு மச்சான், அண்ணனுக்கு வீட்டுக்காரரே ஃபிசியோ. ஒம்போதுக்கு எங்க கேட்ச் வரும்."

வீட்டுக்காரர் என்ற சொல்லில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உண்மைதான். சட்டத்தில் அதற்கு இன்னும் இடமில்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. ஒரு டர்ஃபில் முதல் முதலாக ஒருவன் அந்த உறவுக்குச் சரியான பெயரைச் சொல்லியிருக்கிறான், சந்தோஷப்பட வேண்டியதுதான். அடுத்த வாக்கியத்தில்தான் கெடுத்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். என் அணியிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு ஷூ லேஸைக் கட்டினார்கள்.

மைக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. மன்னார்குடியில் என் அம்மா டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு நான் அனுப்பிய லிங்க்தான். 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவைப் பற்றிய தீர்ப்பு வந்த ராத்திரி, அம்மாவிடம் போனில் சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. என்னவரை "உன்கூட இருக்கிற தம்பி" என்பார். பொங்கலுக்கு இரண்டு வேட்டி அனுப்புவார், ஒரே கரை. அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. அன்று ராத்திரி போன் வந்தது. விரல் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்கவில்லை.

"அந்தத் தம்பி கட்டுப் போட்டதைப் பார்த்தேன். நல்லாக் கட்டுச்சு. யாரு அந்தப் பையன், நம்பர் சொன்னது?"

"விடும்மா, விளையாட்டுல சொல்றதுதான்."

"அவங்க அம்மா நம்பர் இருக்கா? வாங்கிக் குடு. நான் பேசுறேன்."

வாங்கித் தரவில்லை. தந்திருந்தால் அந்தப் பையன் இன்றைக்கு ஊரில் இருந்திருக்க மாட்டான்.

மறுநாள் கவுன்டருக்குப் போனேன். ஓனருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் வாலிபால் ஆடியவர், தோள் இன்னும் அப்படியே இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் உடனே லேப்டாப்பைத் திறந்தார். "ஆடியோவை மியூட் பண்ணிடறேன் சார். அஞ்சு நிமிஷ வேலை."

"மியூட் வேண்டாம்ண்ணே."

"சின்னப் பசங்க சார். ஜாலிக்குச் சொல்றது. உங்களை நினைச்சுச் சொல்லலை."

"என்னை நினைச்சுத்தான் சொன்னான். சரியாத்தான் சொன்னான். கட்டுப் போட்டவர் என் வீட்டுக்காரர்தான்."

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். அப்புறம் புக்கிங் நோட்டைப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. பேனா மூடியைத் திறந்து மூடினார். "டீ சொல்லட்டுமா சார்?" என்றார். சொன்னார். வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். பாதி டீயில் கேட்டார்: "இப்ப நான் என்ன சார் பண்ணணும்? போர்டு கீர்டு வைக்கணுமா? அந்த வானவில் கொடி மாதிரி?"

இந்தக் கேள்விக்காகவே அவருக்கு ஒரு ஸ்டார் தரலாம். ஏனென்றால் எனக்கே பதில் தெரியவில்லை. கொடி எனக்கு வேண்டாம். இங்கிலாந்துக் கால்பந்தில் வானவில் லேஸ் கட்டிக்கொண்டு ஆடுகிற வழக்கம் 2013 வாக்கில் வந்தது. அதற்கப்புறமும், 1990-இல் ஜஸ்டின் ஃபஷானு தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னதற்குப் பிறகு, பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கிற இன்னொரு தொழில்முறை ஆண் வீரர் வாயைத் திறக்க 2022 ஆயிற்று. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், பதினேழு வயதுப் பையன். நடுவில் முப்பத்திரண்டு வருடம். ஃபஷானு 1998-இலேயே தற்கொலை செய்துகொண்டு போய்விட்டார். கிரிக்கெட்டும் ஒன்றும் உசத்தி இல்லை. 1877-இல் இருந்து டெஸ்ட் ஆடுகிறோம், சர்வதேச ஆட்டத்தில் இருக்கும்போதே சொன்ன முதல் ஆண் இங்கிலாந்துக் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ், 2011-இல். பெண்கள் கிரிக்கெட்டில் இந்தச் சிக்கல் ரொம்பக் குறைவு. தென்னாப்பிரிக்காவின் மரிசான் காப்பும் டேன் வான் நீகெர்க்கும் 2018-இல் கல்யாணமே பண்ணிக்கொண்டார்கள். முதல் டபிள்யூபிஎல் (பெண்கள் பிரீமியர் லீக்) ஏலத்தில் ஒருவரை டெல்லியும் இன்னொருவரை பெங்களூரும் எடுத்தன. எங்கள் ஆபீஸ் பசங்க அதைச் சாதாரணமாக, "மாமியார் வீட்டு மேட்ச் மாதிரிடா" என்று பேசினார்கள். அதே பசங்க ஆண்கள் என்று வந்தால் குரல் மாறுகிறது. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

ஆனால் ஓட்டப்பந்தயத்தில் அப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒடிசாவின் தூத்தி சந்த் 2019 மே மாதம் தன் ஊர்ப் பெண் ஒருவரோடு உறவில் இருப்பதைச் சொன்னார். நாட்டில் அப்படிச் சொன்ன முதல் வீராங்கனை. வீட்டிலேயே எதிர்ப்பு. இரண்டு மாதம் கழித்து இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார், 11.32 நொடி. தங்கம் வாங்கினால் சத்தம் குறையும் என்று நினைக்கிறோம். எட்டுப் பேர் ஆடுகிற டர்ஃபில் கேட்ச் விடுகிறவன் தங்கத்துக்கு எங்கே போவான்?

டீ முடிகிற நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது அப்போதைய இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட். 2019 பிப்ரவரி, செயின்ட் லூசியா டெஸ்ட். வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஷானன் கேப்ரியல் ரூட்டிடம் ஏதோ சொல்கிறார். அது மைக்கில் விழவில்லை. ரூட் சொன்ன பதில்தான் விழுந்தது. அதை ஒரு வசைச்சொல்லாகப் பயன்படுத்தாதே, தன்பாலீர்ப்பாளராக இருப்பதில் தவறு ஒன்றும் இல்லை என்று. பிரசங்கம் இல்லை, சத்தம் இல்லை, அடுத்த பந்துக்கு நின்றார். அந்த இன்னிங்ஸில் 122 அடித்தார். கேப்ரியலுக்கு நான்கு ஒருநாள் ஆட்டங்கள் தடை. ரூட் அப்படிச் சொன்னதை விட, அதற்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு விலை இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்தது. நோ பால் போட்டால் ஃப்ரீ ஹிட். அந்த மாதிரி.

விலை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2017 அக்டோபரில் வந்த கிரிக்கெட் சட்டங்களில் 42-வது விதி, ஆட்டக்காரர் நடத்தை. புண்படுத்தும் பேச்சு முதல் நிலைக் குற்றம். முதல் தடவை அம்பயர் எச்சரிப்பார். அதே அணி மறுபடியும் செய்தால் எதிரணிக்கு 5 பெனால்டி ரன். ஸ்கோர் புத்தகத்தில் அதற்கென்று கட்டமே இருக்கிறது. இதை ஓனரிடம் சொன்னேன். அதுவரை பேனா மூடியோடு போராடிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு ரன்னா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். ரூல்னா ரூல்."

அடுத்த ஞாயிறு நுழைவாயிலில் இருக்கும் விதிமுறை ஃபிளெக்ஸ் மாறியிருந்தது. பத்தாவது விதி ஸ்பைக் ஷூ கூடாது. பதினொன்றாவது புதுசு: "தரக்குறைவான பேச்சு: முதல் முறை வார்னிங், அடுத்த முறை 5 ரன் பெனால்டி." அதோடு விட்டிருக்கலாம். அடைப்புக்குள் எந்தெந்தச் சொல் என்று மூன்றையும் பச்சையாக அச்சடித்திருந்தார். தலையில் கையை வைத்துக்கொண்டேன். "எழுதலைன்னா எது தரக்குறைவுன்னு கேப்பானுங்க சார், எனக்குத் தெரியும் இவனுங்களை" என்றார். அதுவும் நியாயம்தான். 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு அதன் பிறகு தீர்ப்பு எழுதினார். அவர் சொல்லி, 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் எங்களையெல்லாம் குறிக்க மரியாதையான சொற்களின் பட்டியல் வந்தது. நல்ல சொல் அத்தனையும் கெஸட்டில், கெட்ட சொல் அத்தனையும் பள்ளிக்கரணை ஃபிளெக்ஸில். இரண்டையும் சேர்த்து வைத்தால் அகராதி முழுமை.

இரண்டு மாதத்தில் காலை கோச்சிங்குக்கு வருகிற ஒரு சின்னப் பையன் அந்த மூன்று சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்து அவன் அம்மாவிடம் அர்த்தம் கேட்டுவிட்டான். மறுநாள் வெள்ளை டேப் ஒட்டிவிட்டார்கள். ராத்திரி ஏழு லைட்டும் எரியும்போது டேப்புக்குப் பின்னால் எழுத்து தெரிகிறது.

விதி வேலை செய்கிறதா? டோர்னமென்டில் செய்கிறது, ஏனென்றால் அம்பயர் இருக்கிறார் (காலேஜ் பையன், நாளுக்கு 400 ரூபாய், எல்பிடபிள்யூ கிடையாது என்பதால் நிம்மதியாக இருக்கிறான்). சாதாரண ஸ்லாட்டில் இல்லை. நாமே நமக்கு அம்பயர் என்றால் வைடே கொடுக்க மாட்டோம். இந்தக் குறைக்கு அரை ஸ்டார் பிடித்துக்கொள்கிறேன்.

முதல் பெனால்டி யாருக்கு விழுந்தது தெரியுமா, எங்களுக்கு. நவம்பர் டோர்னமென்ட், இரண்டாவது ஆட்டம். எங்கள் கீப்பர் நல்ல பையன், ஆபீசில் எனக்கு நேர் எதிர் சீட், "அண்ணே அண்ணே" என்று காலைச் சுற்றுவான். எதிரணி ஆள் சுற்றி அடிக்கப்போய் மூன்று பந்து விட்டதும் இவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முதல் தடவை வார்னிங். நானும் முறைத்தேன். நான்காவது ஓவரில் அதே ஆள் மறுபடி விட்டான், இவனும் மறுபடி சொன்னான். அம்பயர் பையன் ஒரு நொடி கவுன்டர் பக்கம் பார்த்தான். அப்புறம் வலது கையால் இடது தோளைத் தட்டினான், தட்டிவிட்டு ஸ்கோரருக்கு ஐந்து விரலைக் காட்டினான். சிக்னல் தப்பு, பேட்டிங் அணிக்கென்றால் தோளைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லி அவனைக் குழப்ப மனம் வரவில்லை. திரையில் ஸ்கோர் 31-இல் இருந்து 36 ஆனது. மூன்று ரன்னில் தோற்றோம்.

எங்கள் கேப்டன் ஓனரிடம் சண்டைக்குப் போனார். "உலகத்துல எந்த டர்ஃப்ல இந்த மாதிரி ரூல் இருக்கு?" ஓனர் ஃபிளெக்ஸைக் காட்டினார். டேப் ஒட்டிய இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். இந்த விதியை எழுத வைத்தவன் நான்தான் என்று அணியில் யாருக்கும் அப்போது தெரியாது. கீப்பர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "சும்மா ஒரு ஃப்ளோல வந்துடுச்சுண்ணே. மனசுல ஒண்ணும் இல்லை." தெரியும் என்றேன். உண்மையிலேயே தெரியும், மனதில் ஒன்றும் இல்லாமல்தான் நாங்கள் மரத்தடியில் சிரித்தோம். பெஞ்சில் இருந்த என்னவரைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாருக்கும் டீ நான் சொல்றேன்" என்று எழுந்து போனான். ஒன்பது டீ. அவருக்குச் சர்க்கரை கிடையாது என்பதை எங்கேயோ கவனித்து வைத்திருக்கிறான்.

சாப்பாட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். டோர்னமென்ட் அன்று மதியம் பிரியாணி, ஆட்டக்காரருக்கும் குடும்பத்துக்கும் டோக்கன். டோக்கன் கொடுக்கிற பெண் பார்ட் டைம் போல, காலேஜ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் நின்றவரிடம் "பிளேயர் ஒண்ணு, வைஃப் ஒண்ணு, குழந்தை ரெண்டு" என்று கிழித்துக் கொடுத்தார். என் முறை வந்தது. "வைஃப் வரலையா சார்?" என்னவரைக் காட்டினேன். "இவர் வந்திருக்கார்." நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். "அப்ப ரெண்டு" என்று கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீடு பார்க்கப் போகிற இடமெல்லாம் இந்த ஊரில் நாங்கள் இன்னும் "பேச்சுலர்ஸ்". நாற்பதை நெருங்குகிறோம், தலையில் நரை, ஆனாலும் பேச்சுலர்ஸ், ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது, மொட்டை மாடிக்குப் போகக் கூடாது. பிரியாணி கவுன்டரில் நான்கு நொடியில் முடிந்த விஷயம் அது. பிரியாணி சுமார். மசாலா எல்லாம் அடியில் தங்கியிருந்தது, கத்திரிக்காய் தொக்கு நன்றாக இருந்தது.

ஆகமொத்தம் ஐந்துக்கு நான்கு. எரியாத லைட்டுக்கும், தேய்ந்த பௌலிங் கிரீஸுக்கும் அரை போயிற்று, அம்பயர் இல்லாத ஸ்லாட்டுக்கு இன்னொரு அரை. கொசுவுக்கு இன்னும் கழிக்கலாம், அது பள்ளிக்கரணையின் சொத்து என்பதால் விட்டுவிட்டேன். பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஃபேன் போட்டுத் தருவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

பிப் பற்றி ஒரு புகார் இருக்கிறது. டிசம்பரில் இருந்து 9-ஐ நான்தான் போட்டுக்கொள்கிறேன். நான் லேட்டாகப் போன ஒரு வியாழக்கிழமை அதைக் கீப்பர் போட்டிருந்தான். கேட்டால் "கூடையில் மேல இருந்துச்சுண்ணே" என்றான். அதற்கு மறுவாரம் வேறு யாரோ. மொடமொடப்பெல்லாம் போய்விட்டது. போன சனிக்கிழமை பார்க்கிறேன், வலது கக்கத்தில் தையல் விட்டு நான்கு விரல் போகிற அளவுக்குக் கிழிந்திருக்கிறது. கவுன்டரில் சொல்லியிருக்கிறேன்.